கால்போஸ்கோபிக்கு நாள் குறித்த பிறகு: காத்திருக்கும் நாட்களைக் கடப்பது

கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனைதான் கால்போஸ்கோபி. அது பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆளை உருக்குவது அதற்கு முந்தைய வாரங்கள்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதற்கு முன் கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்த்த பாப் ஸ்மியர் வெறும் சல்லடை; யாரை மேலும் சோதிக்க வேண்டும் என்று பிரிப்பதற்குத்தான். அதில் மாற்றம் தெரிந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ரிப்போர்ட்டில் எச்பிவி (உடலுறவு மூலம் பரவும் வைரஸ்) என்று இருந்தால் பயத்தோடு வெட்கமும் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். பல குடும்பங்களில் சண்டையே வந்துவிடுகிறது. அது வேண்டாத சண்டை. இந்த வைரஸ் அறிகுறியே காட்டாமல் பல வருடம் உடலில் தங்கியிருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது.

அடுத்து, மருத்துவமனைக்குப் போன் செய்து இவற்றைக் கேளுங்கள்: அன்றே பயாப்ஸி (சோதனைக்காகச் சிறு திசு) எடுப்பார்களா? முன்கூட்டியே வலி மாத்திரை போடலாமா? துணைக்கு ஒருவர் உள்ளே வரலாமா? மாதவிலக்கு வந்துவிட்டால் தேதியை மாற்ற வேண்டுமா? கர்ப்பமாக இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ அதையும் சொல்லிவிடுங்கள்.

கருவி உள்ளே போகும் என்றுதான் பலர் நினைத்து நடுங்குகிறார்கள். போவது பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் மட்டும். பெரிதாக்கிக் காட்டும் கருவி வெளியேதான் நிற்கும். வினிகர் போன்ற திரவம் தடவும்போது லேசாக எரியலாம். பயாப்ஸி என்றால் அரிசியளவு திசு. கிள்ளுவது போலவோ மாதவிலக்கு வலி போலவோ இருக்கும்.

பயத்தில் இடுப்புத் தசை இறுகினால் ஸ்பெகுலம் கூடுதலாக வலிக்கும். அதனால் ஒரு வாரம் முன்பே பழகுங்கள்: நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம், தினமும் இரண்டு வேளை. வேக வேகமாக ஆழ்ந்து இழுத்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும்; அதைக் கண்டு பயம் இன்னும் கூடும். மேஜையில் படுத்த பிறகு முதல்முறையாக முயன்றால் பலன் குறைவு.

முன்பு பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்றால் நர்ஸிடம் "இந்தப் பரிசோதனை எனக்குக் கஷ்டம்" என்றால் போதும், விவரம் சொல்ல வேண்டியதில்லை. கை தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கூட இருப்பவர்களுக்கு: "ஒண்ணும் இருக்காது" என்றால் அவர் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எதை நினைச்சா அதிகமா பயமா இருக்கு?" என்று கேளுங்கள். தொடர்ந்து தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே.

பயாப்ஸிக்குப் பின் சில நாள் காப்பித்தூள் நிறத்தில் கசிவு வரலாம். ரத்தத்தை நிறுத்தத் தடவும் மருந்துதான் காரணம். ரத்தம் அதிகமாகப் போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போங்கள். முடிவு வரும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது தாண்டினால் மறுநாளே போன் செய்யுங்கள்.