பழைய ஸ்பூனின் முதுகில் சிங்கம் இருக்கிறதா?

பழைய இங்கிலாந்து ஸ்பூனோ ஃபோர்க்கோ கைக்கு வந்தால், அது வெள்ளிதானா என்று அறிய, முன்பக்க வேலைப்பாட்டைப் பார்த்து மயங்காமல், திருப்பிப் போட்டு, காம்பின் பின்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். டார்ச்சை நேராக அடித்தால் கூசும், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் தேய்ந்த முத்திரையும் எழுந்து வரும்.

தேட வேண்டியது சிங்கம். இடப்பக்கம் பார்த்து, ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அது 92.5 சதவீத வெள்ளி. பக்கத்திலேயே ஊர் முத்திரை இருக்கும்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் என்றால் ஷெஃபீல்டு (அங்கே 1975 முதல் ரோஜா). ராஜா அல்லது ராணியின் தலையும் சேர்ந்திருந்தால் அது வரி கட்டியதற்கான அடையாளம், 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்ட பொருள்.

ஆண்டைச் சொல்வது தனி எழுத்து. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லண்டனில் ஏ முதல் யூ வரை, ஜே-யை விட்டுவிட்டு, 20 எழுத்துகள் சுற்றிச் சுற்றி வந்தன; 1796-லும் ஏ, 1816-லும் ஏ, 1836-லும் ஏ. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, எழுத்தின் பாணி என்ன, சுற்றியுள்ள கட்டம் என்ன வடிவம் என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். ஊருக்கு ஊர் வரிசையும் வேறு, அதனால் ஊரை உறுதி செய்யாமல் எழுத்துப் பட்டியலைத் திறக்காதீர்கள்.

சிங்கம் இல்லாமல், வரிசையாக நாலு குட்டிக் கட்டங்களுக்குள் இ, பி, என், எஸ் என்று அலங்கார எழுத்தில் இருக்கிறதா? சரி, அது வெள்ளி முலாம். உள்ளே இருப்பது நம் ஊர்ப் பாத்திரக்கடையில் ஜெர்மன் சில்வர் என்று சொல்கிறார்களே, அதேதான்: செம்பு, நிக்கல், துத்தநாகம், வெள்ளி துளிகூடக் கிடையாது. ஸ்பூன் மேசையில் உரசும் அடிப்பக்கத்தைப் பாருங்கள், முலாம் போய் லேசான மஞ்சள் தெரியும். காந்தத்தை நம்பாதீர்கள், வெள்ளியும் ஒட்டாது, இதுவும் ஒட்டாது.

விலைக்கு வருவோம். சிங்கம் இருந்தால் எடை போடுங்கள்: 60 கிராம் ஸ்பூனில் 55.5 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி ரேட்டால் பெருக்கினால் வருவது அடிவிலை, உருக்குகிறவர் அதிலும் கொஞ்சம் கழிப்பார். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் செய்தவரின் பெயருக்கும் நிலைமைக்கும்தான். சாய்வெழுத்தில் எச்.பி. என்று இருந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள், 1761-ல் லண்டனில் தன் முத்திரையைப் பதிந்த ஹெஸ்டர் பேட்மேனுடையதாக இருக்கலாம், அவர் பெயருக்கே தனி மவுசு. ஆறு ஒரே மாதிரி இருந்தால் ஒற்றையை விட நல்ல விலை. ஃபோர்க்கின் பற்கள் தேய்ந்து குட்டையாகியிருந்தாலோ, பழைய சொந்தக்காரரின் பெயரெழுத்தைச் சுரண்டியதில் காம்பு அந்த இடத்தில் மெலிந்திருந்தாலோ விலை இறங்கும். விரலால் தடவினாலே அந்தப் பள்ளம் தட்டுப்படும்.

கத்தியை மட்டும் எடை போட்டு ஆசைப்படாதீர்கள். பிடி மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளே பிசின், அலகு எஃகு. அப்புறம், விற்கும் முன் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்க்க வேண்டாம், தேய்வது முத்திரையும்தான்.