கடைசி நாட்களில் பக்கத்தில் உட்காரப் போகிறவர்களுக்கு

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் பதினோரு வருஷமாக ஹாஸ்பிஸ் (குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் சேவை) தொண்டராக வீடு வீடாகப் போய்வருகிறேன். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், நர்ஸ் இல்லை. புதிதாகச் சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்க போய் நான் என்ன செய்யணும் அக்கா?" என்றுதான். பாதி நேரம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உட்கார வேண்டும். அதற்குப் பழகவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

ஹாஸ்பிஸ் என்றதும் கட்டடத்தை நினைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் இந்தப் பராமரிப்பில் பெரும்பகுதி நோயாளியின் வீட்டிலேயே நடக்கிறது. பயிற்சி முடிந்து ஒரு வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: எழுந்து நடக்கிறாரா, விழுங்க முடிகிறதா, தன் நோய் இன்னதென்று அவருக்குத் தெரியுமா? "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்று மகள் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்வாள். உள்ளே போனால் அப்பா, "எனக்குத் தெரியும்மா, பாவம், அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்பார். நடுவில் நின்று நீங்கள் எதையும் போட்டு உடைக்க வேண்டாம். நர்ஸிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

சென்ட் பூசாதீர்கள், குமட்டும். உங்களுக்குச் சளி இருந்தால் அன்று போகாதீர்கள். அவர் கழுத்தைத் திருப்பாமலே உங்கள் முகம் தெரிகிற இடத்தில் நாற்காலியைப் போடுங்கள். கட்டிலில் உட்கார வேண்டாம். எலும்பில் நோய் பரவியவர் மெத்தை அசைந்தாலே துடித்துப்போவார்.

முதல் வருஷம் ஒரு தாத்தாவிடம், "அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி பார்க்க உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கிளம்புகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சாவைப் பற்றிப் பேசத் தயாராக இருந்தார், நான்தான் கதவைச் சாத்தினேன். அதிலிருந்து "எல்லாம் நல்லாயிடும்" என்று யாரிடமும் சொல்வதில்லை. "இன்னைக்கு மனசுல என்ன ஓடுது தாத்தா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். சில நாள் பதில் வராது. பரவாயில்லை.

தமிழ் தெரிந்தவர்கள் வர வேண்டும் என்று நான் மன்றாடுவதற்குக் காரணம் உண்டு. வாழ்நாளெல்லாம் இங்கிலீஷ் பேசிய பெரியவர்கள் சிலர், கடைசியில் சின்ன வயசுத் தமிழுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு பாட்டி "கால் மரத்துப்போச்சு, கால் மரத்துப்போச்சு" என்று முனகிக்கொண்டே இருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, பிரார்த்தனை என்று நினைத்துவிட்டார்கள். நர்ஸுக்கு போன் செய்தேன். காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னார். முனகல் நின்றது. பேச்சு ஓடாத நாளில், "மேகசின் பேரக்ஸ்ல உங்க வீடு எங்க இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அது டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு. 1960களில் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் (இன்னின்ன இனத்தவர் இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்ற நிறவெறிக் காலச் சட்டம்) அங்கிருந்து சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்டவர்களிடம் அந்த ஒரு கேள்வி போதும். பக்கத்து வீட்டு அடுப்புப் புகைவரை சொல்வார்கள்.

மருந்து கொடுப்பது உங்கள் வேலை இல்லை. ஆனால் மார்ஃபின் பாட்டிலைக் குடும்பத்தார் ஒளித்துவைப்பது உங்கள் கண்ணில்தான் முதலில் படும். "அது கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க" என்ற பயம். வலிக்கு ஏற்ற சரியான அளவில் கொடுத்தால் அது சாவை விரைவுபடுத்தாது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். வாக்குவாதம் செய்யாமல் அன்றே நர்ஸிடம் சொல்லுங்கள்.

சூடம் விஷயம் ஒன்று. ஆக்சிஜன் ஓடுகிற அறையில் சூடம், விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது, தீப்பிடித்துவிடும். கோபித்துக்கொள்வார்களே என்று தயங்காதீர்கள். சாமி அறையில் ஏற்றிவிட்டு, விபூதியை மட்டும் கொண்டுவந்து நெற்றியில் இடச் சொல்லுங்கள். இதுவரை யாரும் மறுத்ததில்லை. ஆக்சிஜன் மெஷின் என்றால், கரண்ட் போனால் மாற்று சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவையுங்கள்.

கஞ்சி ஊட்டச் சொல்லி அழுகிற மனைவிமார் உண்டு. உடம்பு மெல்ல அடங்கும்போது பசி தானாகவே போய்விடும். விழுங்க முடியாதவருக்கு ஊட்டினால் நுரையீரலுக்குள் இறங்கும். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள்: ஈர ஸ்பாஞ்சால் உதட்டை நனைப்பது, பாதத்தை மெல்ல நீவிவிடுவது. கை கால் சில்லிட்டு, மூச்சு நின்று நின்று வந்தால் நேரம் நெருங்குகிறது. தொண்டையில் களகளவென்று சத்தம் வரும். கேட்கிறவர்களுக்குத்தான் அது கொடுமை. அவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை என்று குடும்பத்திடம் சொல்லுங்கள். காது கேட்கலாம் என்பதால் அந்த அறையில் செலவுக் கணக்கு பேச விடாதீர்கள். உயிர் பிரிந்தால் பதற வேண்டாம். ஹாஸ்பிஸ் நர்ஸைக் கூப்பிட்டால் போதும். கழுவிக் குளிப்பாட்டச் சொந்தக்காரர்கள் வரும்வரை, விரும்புகிறவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். பதினேழாம் நாள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்த வாரம் போங்கள். போன மாதம் நான் போன வீட்டில் அந்த அம்மா பழக்கத்தில் இரண்டு கப் டீ போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். இரண்டாவதை நான் வாங்கிக் குடித்தேன். அவர் பேச ஆரம்பித்தார்.