தகோயாகி: முதல் உருண்டைக்கு முன்

ஜப்பானில், அதுவும் ஒசாகா பக்கம் வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்றால், உடன் பணிபுரியும் யாராவது உங்களைத் தகோயாகிக் கடைக்கு இழுத்துப் போவார்கள். போங்கள். ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கோதுமை மாவுக் கரைசலைக் குழிச்சட்டியில் ஊற்றி, நடுவில் ஆக்டோபஸ் துண்டு வைத்து, கூரான கம்பியால் திருப்பித் திருப்பி உருட்டி எடுப்பதுதான் தகோயாகி. பார்த்தால் குழிப்பணியாரம்! நாக்கைச் சுட்டுக்கொள்ள வைப்பதும் அந்தத் தோற்றம்தான். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே மாவு குழைவாகக் கொதித்துக்கொண்டிருக்கும். முழுதாக வாயில் போடாமல், குச்சியால் பிளந்து ஆவி போகவிட்டுச் சாப்பிடுங்கள். பல கடைகளில் இரண்டு குச்சிகள் தருவார்கள். ஒற்றைக் குச்சியில் குத்தினால் உருண்டை சுழன்று விழுந்துவிடும்.

அடுத்தது, சைவர்கள் கவனிக்க வேண்டியது. ஆக்டோபஸை எடுத்துவிட்டால் சைவமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். மாவைக் கரைப்பதே 'தாஷி' என்னும் சாற்றில்தான். பெரும்பாலும் அது கட்சுவோ மீனில் எடுத்தது. முட்டையும் சேரும். மேலே தூவும்போது உயிருள்ளதுபோல் நெளிகிறதே, அதுவும் அதே மீனைக் காயவைத்து மெல்லிசாகச் சீவிய சீவல்தான். "நான் வெஜிடேரியன்" என்று சொன்னால் மட்டும் போதாது. இங்கே பலருக்கு மீன்சாறு அசைவக் கணக்கில் வராது. இறால் ஒவ்வாமை உள்ளவர்களும் கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் மாவில் காய்ந்த சிற்றிறால் சேர்ப்பார்கள். பொட்டலமிட்ட உணவில் இறால், நண்டு, முட்டை, பால், கோதுமை போன்றவற்றை அச்சிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கண்ணெதிரே சுட்டுத் தரும் தெருக்கடைக்கு அது பொருந்தாது.

மீனும் முட்டையும் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தட்டை நீட்டும் முன் கடைக்காரர் படபடவென்று ஏதோ கேட்பார். மீன் சீவலும் கடற்பாசித் தூளும் மயோனேஸும் போடலாமா என்பதுதான் அது. வேண்டாதது எதுவோ அதன் பெயரோடு "நஷி தே" சேர்த்துச் சொல்லுங்கள்: "மயோனேஸ் நஷி தே." என்னைக் கேட்டால், முதல் தட்டை சாஸ்கூட இல்லாமல் வாங்கச் சொல்வேன். 1935இல் ஒசாகாவில் ஆக்டோபஸ் வைத்து இதை விற்கத் தொடங்கிய எண்டோ டோமேகிச்சியின் 'அய்ஸுயா' கடையில் அப்படித்தான் தருகிறார்கள். அதற்கு முன் அவர் உள்ளே வைத்தது மாட்டிறைச்சி. சாஸ் இல்லாதபோதுதான் மாவின் ருசி தெரிகிறது. மொறுமொறுப்பு பிடிக்குமானால் 'கின்டாகோ' கிளைகள் எங்கும் உண்டு. அங்கே கடைசியில் எண்ணெய் விட்டு முறுகவிடுவார்கள். ஒசாகாக்காரர்களிடம் அதைப் புகழாமல் இருப்பது உத்தமம்.

வாங்கிய இடத்திலேயே நின்று சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கடைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள். தெருவில் தொட்டி தேடி அலைய நேரும். டிப்ஸ் கிடையாது.

சைவர்களுக்கு நல்ல வழி 'தகோபா', அதாவது வீட்டில் நண்பர்கள் கூடி மேசையில் மின்சாரச் சட்டியை வைத்துச் சுட்டுச் சாப்பிடுவது. அழைப்பு வந்தால் தயங்காமல் முன்பே சொல்லுங்கள்: உங்கள் பங்குக்கு மட்டும் 'கொம்பு' என்னும் கடற்பாசியின் சாற்றில் கரைத்த, முட்டையில்லாத மாவு, உள்ளே சீஸ், சோளம். சட்டியின் ஒரு பக்கத்தை ஒதுக்கித் தருவார்கள். பணியாரம் திருப்பிய கைக்கு அந்தக் கம்பி சீக்கிரம் வசப்படும். பிறகு நீங்களே ஒரு சட்டி வாங்கிவிடுவீர்கள். அதில் இட்லி மாவும் நன்றாகவே வேகும். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் தயார் தகோயாகி மாவை மட்டும் பின்பக்கம் படிக்காமல் எடுக்காதீர்கள். பெரும்பாலானவற்றில் மீன்தூள் கலந்தே வருகிறது.