"இன்னும் கொஞ்சந்தான் சாமி": பனிமலையில் செய்யக்கூடாத தவறுகள்

காஷ்மீரில் குல்மார்க் போய் ஸ்கீ கட்டிப் பனிச்சறுக்கிவிட்டு வந்த பீளமேட்டுப் பையன்கள் மூன்று பேர் போன வாரம் வீடியோ காட்டினார்கள். மார்ச் மாதம், மணி ஒன்றரை, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சந்தான், ஏறுடா" என்று பின்னால் ஒரு குரல். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குரல் என்னுடையது. கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

நேரம் தாண்டி ஏறுவது

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு அந்த வாக்கியம் பழக்கம். பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரியில் கிளம்பினால், எதிரே இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: "இன்னும் கொஞ்சந்தான் சாமி." அங்கே அது புண்ணியம். எத்தனை மணிக்கு இறங்கினாலும் பாறை பாறையாகத்தான் இருக்கும்.

பனி அப்படியில்லை. மார்ச்சில் ராத்திரி இறுகிக் கிடப்பது வெயில் ஏற ஏற இளகும். கிழக்கும் தெற்கும் பார்த்த சரிவுகள் முதலில். மதியத்துக்குமேல் ஈரம் கோத்த பனி மொத்தமாகச் சரியலாம். நாங்கள் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவதாகத்தான் பேசியிருந்தோம். டீ, படம், கோண்டோலா என்கிற கேபிள் கார் வரிசை என்று போய், முகட்டைத் தொட்டபோது ஒன்றரை. பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவு பனி உருண்டைகள் தானாக உருண்டு போயின. அழகாக இருக்கிறதென்று அதையும் படம் எடுத்தேன். சரிவு இளகிவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்று அப்போது தெரியாது.

மூன்றாவது திருப்பத்தில் நண்பனின் ஸ்கீ இட்லி மாவில் கரண்டி போல இறங்கி நின்றுவிட்டது. உடம்பு திரும்பியது, ஸ்கீ திரும்பவில்லை. 'டக்' என்று முழங்கால் சத்தம் எனக்கே கேட்டது. அவனைக் கீழே சேர்க்க நாலு மணி நேரம். அப்புறம் கோவையில் லிகமென்ட் ஆபரேஷன். "இந்த வருசம் மலைக்குப் போகலையா கண்ணு?" என்று அவன் அம்மா இன்றும் என்னைக் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆபரேஷன் தேவலை.

இப்போது எங்கள் கணக்கு இதுதான். பன்னிரண்டு அடித்தால், உச்சி பத்தடியில் இருந்தாலும், ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டிய 'ஸ்கின்' பட்டையை உரித்துவிட்டு இறக்கம். கணுக்காலுக்குமேல் பூட்ஸ் புதைந்தால் அதற்கும் முன்பே. நால்வரில் ஒருவர் 'போதும்' என்றால் போதும், பஞ்சாயத்து கிடையாது.

முதல் நாளே உச்சிக்குக் கிளம்புவது

குல்மார்க் மைதானமே 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சி 2,637. உடம்பு உயரத்துக்குப் பழக ரெண்டு நாள் சும்மா இருங்கள்.

திருப்பூர் பனியன்

வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். உள்ளே மெல்லிய கம்பளி போடுங்கள்.

பீக்கனைப் பையில் வைப்பது

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் கருவி அது. உடம்பில் கட்டி, ஆன் செய்திருக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். தோண்ட மண்வெட்டி ஆளுக்கொன்று, ஒருவர் பையில் மட்டும் அல்ல.

ஸ்கீ தடியின் கைப்பட்டை

இறங்கும்போது கழற்றிவிடுங்கள். பனி சரிந்தால் தடி கையை உள்ளே இழுக்கும்.