ஷாட்டை எண்ணிவிட்டுக் கோட்பாட்டுக்கு வாருங்கள்: ஒரு மியூசிக் வீடியோவைப் படிக்கும் முறை

மியூசிக் வீடியோ பற்றிய மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. கோட்பாட்டாளரின் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. திரையில் என்ன நடக்கிறது என்பது கடைசி வரை வருவதில்லை. ‘இதில் ஆண் நோக்கு (பெண்ணை ஆணின் கண்ணால் காட்டுவது) இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் அபிப்பிராயம். எந்த ஷாட்டில் (கேமரா வெட்டப்படாமல் ஓடும் ஒரு துண்டில்), எத்தனை விநாடி, யார் யாரைப் பார்க்கிறார் என்று காட்டினால்தான் அது வாதமாகும். அதற்கு உட்கார்ந்து எண்ண வேண்டும். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

பழகுவதற்கு நார்வே நாட்டின் ஆ-ஹா குழு பாடிய ‘டேக் ஆன் மீ’ வீடியோவை எடுத்துக்கொள்ளலாம். 1985இல் வந்தது, இயக்கியவர் ஸ்டீவ் பாரன். ஏறக்குறைய நான்கு நிமிடம். யூடியூபில் துல்லியமான பிரதி இருக்கிறது. காபிக் கடையில் காமிக்ஸ் படிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, பென்சில் கோடாக இருக்கும் நாயகன் கண்ணடிக்கிறான். பக்கத்திலிருந்து கையை நீட்டி அவளை உள்ளே அழைத்துக்கொள்கிறான். அதன்பின் படம் நிஜத்துக்கும் கோட்டோவியத்துக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். இதை ஒழுங்காகப் படித்து முடிக்க ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் தடவை படத்தைப் பார்க்காதீர்கள். திரையை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டு, முன்னிசை, சரணம், பல்லவி, இடையிசை எந்த நிமிடம் எந்த விநாடியில் தொடங்குகின்றன என்று தாளில் குறியுங்கள். வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 169 பீட் (தாளத் தட்டு). நாலு பீட் சேர்ந்த ஒரு சுற்று ஏறக்குறைய 1.4 விநாடி, நாலு சுற்று 5.7 விநாடி. விரலால் தட்டிப் பார்ப்பவர்கள் பலர் பாதி வேகத்தைப் பிடித்து 84 என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் சுற்றின் நீளம் இரட்டிப்பாகி, கட் (ஒரு ஷாட் அடுத்ததற்கு மாறும் இடம்) தாளத்தில் விழுகிறதா என்ற கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். பல்லவியில் மெட்டு கீழே தொடங்கி இரண்டரை ஸ்தாயி மேலே ஏறுகிறது. அந்த ஏற்றம் நிகழும் விநாடிகளுக்கு அடிக்கோடு போட்டு வையுங்கள். அந்த இடத்தில் படம் என்ன செய்கிறது என்பது பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். மூன்றாம் தடவைதான் இரண்டும் சேர்ந்து.

அடுத்து அட்டவணை. எக்செலில் ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி. ஷாட் எண், தொடங்கும் நேரம், நீளம், அளவு (முகம் மட்டும் தெரியும் க்ளோஸ்-அப், இடுப்பு வரை தெரியும் மிட், முழு உருவமும் தெரியும் லாங்), பாட்டின் எந்தப் பகுதி, திரையில் யார், யார் யாரைப் பார்க்கிறார், நிஜமா கோட்டோவியமா என்று எட்டு பத்திகள் போதும். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு பிரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) முன்னே நகரும், காற்புள்ளி விசைக்கு ஒரு பிரேம் பின்னே வரும். விஎல்சி பிளேயரில் ஆங்கில ‘E’ விசை ஒவ்வொரு பிரேமாக முன்னே கொண்டுபோகும். விநாடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 0.04 விநாடி. பத்தில் ஒரு விநாடி வரை துல்லியம் இருந்தால் போதும்.

எண்ணத் தொடங்குமுன் எதை ஷாட் என்று கொள்வது என்ற விதியை அட்டவணையின் தலையில் எழுதிவிடுங்கள். இந்த வீடியோ அந்த விதியைச் சோதிக்கும். ஓரிடத்தில் இருவருக்கும் நடுவே ஒரு சட்டம் நிற்கிறது. அதன் வழியே தெரியும் உருவம் நிஜம், வெளியே இருப்பது கோடு. கேமரா வெட்டப்படாமலேயே கோடு சதையாக மாறுவது புது ஷாட்டா? ‘இல்லை, கேமரா மாறினால் மட்டுமே புது ஷாட்’ என்று வைத்துக்கொண்டு, கோடு–நிஜ மாற்றத்தைத் தனிப் பத்தியில் போடுவது நல்லது. பாதி வழியில் விதியை மாற்றினால் முதல் வரியிலிருந்து திரும்ப எண்ண வேண்டியதுதான்.

சராசரி கணக்கிடுவது எளிது: 225 விநாடியில் 90 ஷாட் இருந்தால் சராசரி நீளம் 2.5 விநாடி. ஆனால் முழு வீடியோவுக்கான சராசரியால் பெரிய பயனில்லை. ஒரு நீண்ட ஷாட் அதை இழுத்துவிடும். சரணத்துக்குத் தனியாக, பல்லவிக்குத் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். படத்தொகுப்பாளர் எங்கே மூச்சு விட்டார், எங்கே ஓடினார் என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த வீடியோவில் கணக்கைச் சரிபார்க்க ஒரு வழியும் இருக்கிறது. மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் ரோட்டோஸ்கோப் முறையில், அதாவது எடுத்த படத்தின் மேலேயே பென்சிலால் வரைந்து, சுமார் 3,000 பிரேம்களை உருவாக்கினார்கள். அதற்கு 16 வாரம் பிடித்தது. விநாடிக்கு 24 பிரேம் வீதம் அது 125 விநாடி. உங்கள் அட்டவணையில் கோட்டோவியம் வரும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மிகவும் கூடுதலாக வந்தால் ஒரே ஓவியம் இரண்டு பிரேமுக்கு நிற்கிறதா என்று காற்புள்ளி விசையால் பின்னோக்கிப் போய்ச் சோதியுங்கள். பிறர் சொல்லும் எண்ணையும் இப்படி உரசிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இப்போது கோட்பாடு. திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் ஹாலிவுட் படங்களை வைத்து எழுதினார்: பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண். இந்த வீடியோவில் முதலில் பார்ப்பவள் பெண். அவள் கையில் காமிக்ஸ். அவன் அதிலுள்ள படம். பிறகு அவன் கண்ணடிக்கிறான், பார்வை திரும்பி வருகிறது. பணிப்பெண் அவள் பணம் தராமல் போய்விட்டாள் என்று நினைத்து காமிக்ஸைக் கசக்கிக் குப்பையில் போடும்போது, அவன் உலகமே கசங்குகிறது. இறுதியில் கூடத்துச் சுவர்களில் மாறி மாறி மோதி, கோட்டுக்கும் உடலுக்கும் இடையே துடிப்பவன் ஆண்தான். பார்த்துக்கொண்டு நிற்பவள் அவள். மல்வியின் வாய்பாட்டை அப்படியே ஒட்டினால் இதெல்லாம் கைநழுவிப் போகும். ‘யார் யாரைப் பார்க்கிறார்’ என்ற பத்தியைக் கூட்டினால் பார்வை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பது விநாடிக் கணக்கில் வந்துவிடும்.

அதே பத்தியை மியூசிக் வீடியோ ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வினிடம் கொண்டுபோங்கள். 1992இல் அவர் சுட்டிக்காட்டியவற்றில் ஒன்று, கலைஞரின் முகம் க்ளோஸ்-அப்பில் வர வேண்டும் என்ற லேபிளின் (பாட்டை வெளியிடும் இசை நிறுவனத்தின்) தேவை. குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்கெட் திரையில் எத்தனை விநாடி, குழுவின் மற்ற இருவரான பால் வாக்டாரும் மாக்னே ஃபுருஹோல்மனும் எத்தனை விநாடி என்று பிரித்தெழுதுங்கள். ரசிகை எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று வீடியோவே காட்டிக்கொடுக்கிறது: காமிக்ஸ் படிப்பவளின் நாற்காலி. குட்வின் பாட்டு வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவையும் மூன்றாகப் பார்க்கிறார். தமிழில் விளக்குவது, விரிப்பது, விலகுவது என்று சொல்லலாம். பாட்டு வரியில் காமிக்ஸ் எங்கும் இல்லை, ஆனால் ‘என்னை ஏற்றுக்கொள்’ என்ற கெஞ்சலைக் கதை வளர்க்கிறது. ஆகவே இது விரிப்பது.

பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலின் ஏற்பு, பேரம் (பாதி ஏற்பது), எதிர்ப்பு என்ற மூன்று வாசிப்பு நிலைகளைப் பயன்படுத்துவதானால், யூடியூப் பின்னூட்டங்களைப் பார்வையாளர் கருத்து என்று எடுத்துவிடாதீர்கள். எழுதுகிறவர்கள் ஒரு சிறு பகுதி. பத்துப் பேரிடம் நேரில் கேட்பதே மேல்.

தொழில் பக்கத்தில் மிகப் பெரிய பிழை, ‘வீடியோதான் பாட்டை ஹிட் ஆக்கியது’ என்று எழுதுவது. இந்தப் பாட்டின், டோனி மான்ஸ்ஃபீல்ட் தயாரித்த 1984 பதிவு தோற்றது. 1985இல் ஆலன் டார்னி தயாரிப்பில் பாட்டு புதிதாகப் பதிவானது, பாரனின் வீடியோவும் வந்தது. மியூசிக் வீடியோக்களை ஒளிபரப்பிய அமெரிக்கத் தொலைக்காட்சியான எம்டிவி தொடங்கி அப்போது நான்கே வருடம். அக்டோபரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம், மறு வருடம் ஆறு எம்டிவி விருதுகள். இரண்டு பதிவுகளுக்கும் நடுவே ஒலியும் மாறியிருக்கிறது, படமும் மாறியிருக்கிறது. பெருமை முழுவதையும் படத்துக்குக் கொடுக்க உங்களிடம் சான்று இல்லை. அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

உரிமை யாருடையது என்று பார்க்க, வீடியோவின் கீழுள்ள விவரப் பகுதியைத் திறங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘P’ இருக்கும் வரி ஒலிப்பதிவின் உரிமையாளரைச் சொல்லும். மெட்டும் வரிகளும் வேறு பதிப்புரிமை. இரண்டையும் குழப்பினால் பணம் எங்கே போகிறது என்ற கணக்கு தப்பும். பார்வை எண்ணிக்கையிலும் கவனம் தேவை. 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் விளம்பரம் கொடுத்து வாங்கிய பார்வைகளைச் சேர்ப்பதை யூடியூப் 2019 செப்டம்பரில்தான் நிறுத்தியது. அதற்கு முந்தைய சாதனைகளை அப்படியே நம்ப வேண்டாம்.

தமிழ்த் திரைப்பாடலுக்கு இந்த முறையைக் கொண்டுவரும்போது ‘திரையில் யார்’ பத்தியை மூன்றாக உடைக்க வேண்டும்: குரல் யாருடையது, உதடு யாருடையது, இசை யாருடையது. திரையில் தெரிபவரே பாடுகிறார் என்பது குட்வினின் அடித்தளம். பின்னணிப் பாடகர் மரபில் அது நிற்காது. 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’ வீடியோவில் நடிகர் தனுஷே ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பாடுகிறார். குரலும் முகமும் ஒன்றாகின்றன, படம் வெளிவர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, படத்தின் காட்சி ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த இயல்பான தோற்றமும் கேமரா வைத்து, வெட்டித் தொகுத்து உண்டாக்கியதுதான். அதையும் ஷாட் ஷாட்டாக எண்ணுங்கள். லிரிக் வீடியோவில் முகத்துக்குப் பதில் எழுத்து ஆடுகிறது. அங்கே ‘அளவு’ பத்தியில் எழுத்துருவின் அளவையும் அது தோன்றும் பீட்டையும் குறியுங்கள்.

எழுதும்போது கட்டுரையின் ஒவ்வொரு பத்தியும் ஒரு ஷாட் எண்ணில் தொடங்கட்டும். அதன் நேரம், உங்கள் கணக்கு, பிறகு கோட்பாட்டாளர். அட்டவணையை முழுதாகப் பின்னிணைப்பில் சேருங்கள், நேரக் குறிப்போடு நான்கைந்து பிரேம் படங்களும் வேண்டும். சரிபார்க்க விரும்புபவர் அதே விநாடிக்குப் போய்ப் பார்க்க முடிய வேண்டும்.