தப்புச் சத்தத்தை மூன்றாகப் பிரித்துக் குரலை மீட்பது

போன மாசியில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த காமன் கூத்தை ஒரே மைக்கில் பதிவு செய்தேன். பனிக்குத் தோல் தளர்ந்துவிடும் என்று நெருப்பில் நன்றாகக் காய்ச்சி அடித்த தப்புப் பறை, பாடியவரின் குரலுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. முழுப் பதிவையும் கம்ப்ரஸ் செய்தால், அதாவது உரத்த இடங்களைத் தானாக இறக்கவிட்டால், ஒவ்வொரு அடிக்கும் குரலும் சேர்ந்து அமுங்குகிறது. அதனால் சத்தத்தை அதிர்வெண்படி கீழ், நடு, மேல் என மூன்று பட்டையாகப் பிரித்து, குச்சி விழும் பட்டையை மட்டும் அடக்கினேன்.

இதற்கு மேடை ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பட்டைகளாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ஆக்டிவ் கிராஸோவரே போதும். டிபிஎக்ஸ் 223 போன்ற பெட்டியில் ஸ்டீரியோ என்றால் இரண்டு பட்டை, மோனோ என்றால் மூன்று. வடிகட்டி லிங்விட்ஸ்-ரைலி வகை, ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் அல்லது இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் சரிவு. அதாவது 200 ஹெர்ட்ஸில் வெட்டினால், 100 ஹெர்ட்ஸில் இருப்பது நடுப்பட்டையில் சுமார் 24 டெசிபல் குறைந்துதான் வரும். வெட்டும் இடத்தில் இரண்டு பட்டையும் 6 டெசிபல் இறங்கி ஒரே ஃபேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி) இருப்பதால், திரும்பக் கூட்டும்போது அங்கே மேடும் வராது, பள்ளமும் வராது.

கணினியோடு இணைத்த ஆடியோ இன்டர்ஃபேஸின் ஒரு அவுட்டை கிராஸோவருக்குக் கொடுத்து, லோ, மிட், ஹை மூன்றையும் மூன்று இன்புட்டில் வாங்குங்கள். மூன்றுக்கும் வெளி இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிள், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பிளக் வரிசை. இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் லோ பட்டையில் வந்து குந்திவிடும். மோனோவுக்கு மாற்றியதும் சில குமிழ்களின் வேலையே மாறிவிடும், எனவே பெட்டியில் மோனோ முறைக்கென்று அச்சிட்டுள்ள எழுத்து வரிசையைப் பார்த்துத் திருப்புங்கள். ரேஞ்ச் பட்டனையும் பாருங்கள், அது அமுங்கியிருந்தால் 200 என்று நினைத்து 2000-இல் வெட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் அரை நாள் அப்படித்தான் தேடினேன்.

எங்கே வெட்டுவது? எண்ணைப் பார்க்காதீர்கள், கேளுங்கள். ஹை பட்டையை மட்டும் ஓடவிட்டு, குரலின் உடம்பு மறைந்து குச்சியின் ‘டக்’ மட்டும் மிஞ்சும்வரை குமிழை ஏற்றுங்கள். எனக்கு அது 3000 ஹெர்ட்ஸ் பக்கம் அமைந்தது. கீழே, தோலின் அதிர்வு குரலை விட்டுப் பிரியும் இடம் 150 பக்கம். இரண்டு புள்ளிகளும் நெருங்கி இருந்தால் ஃபேஸ் குழம்பும், தள்ளியே வையுங்கள்.

அப்புறம் எதையும் தொடாமல் மூன்றையும் கூட்டிக் கேளுங்கள், பழைய பதிவு போலவே இருக்க வேண்டும். மிட் டிராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்: சத்தம் வெட்டும் இடங்களில் குழிந்து மெலிந்தால் இணைப்பு சரி, மாறாக நிறைந்து கேட்டால் ஏதோ ஒரு வயர் தலைகீழ். மூலப் பதிவைத் திருப்பி இதோடு கூட்டி மௌனம் வருகிறதா என்று சோதிக்க வேண்டாம், வராது. இந்த வடிகட்டி அளவைக் காப்பாற்றும், ஃபேஸைச் சுழற்றிவிடும். அதே காரணத்தால் மூலப் பதிவைப் பட்டைகளோடு கலக்கவே கூடாது.

இனி ஹை பட்டையில் மட்டும் கம்ப்ரஸர்: வேகமான அட்டாக் (அடி விழுந்ததும் உடனே அமுக்கத் தொடங்கும்படி), 4-க்கு 1 விகிதம், அடி விழும்போது 4 டெசிபல் இறக்கம். குச்சி பின்னால் போய், பாடுகிறவர் அடிக்கு நடுவில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். மிட்டைத் தொடாதீர்கள். குமிழ்களுக்கு நினைவு கிடையாது, பெட்டியை அணைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.