முப்பது வயதுக்கு மேல் ஜெர்மனியில் நர்ஸ் ஆவது: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பெண்களுக்கு

காவேரிப்பட்டணத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். இப்போது ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் முதியோர் வார்டு நர்ஸ். போச்சம்பள்ளி, பாலக்கோடு, அரூர்ப் பக்கமிருந்து நிறையப் பெண்கள் போன் செய்து வழி கேட்கிறார்கள். பாதிப்பேர் கல்யாணமாகிக் குழந்தை உள்ளவர்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் ‘ஆஸ்பில்டுங்’ என்று மூன்று வருடத் தொழிற்பயிற்சி இருக்கிறது. சில வாரம் வகுப்பு, சில வாரம் வார்டு என்று மாறி மாறி வரும். ஃபீஸ் கிடையாது, முதல் மாதத்திலிருந்தே சம்பளம். அரசு ஊதிய ஒப்பந்தப்படி நடக்கும் மருத்துவமனைகளில் முதல் வருடமே மாதம் 1,300 யூரோவுக்கு மேல் வரும். அதில் வரியும் காப்பீடும் பிடித்தம் போகும். பன்னிரண்டாவது தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம். வயதை நினைத்துப் பயப்பட வேண்டாம். கையில் பயிற்சி ஒப்பந்தம் இருந்தால் விசாவுக்கு வயது வரம்பு இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் இங்கே வந்து இடம் தேடும் விசாவுக்குத்தான் 35 என்ற கணக்கு. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கு வழி வேறு: அவர்கள் தங்கள் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் வாங்க வேண்டும்.

யாருக்கும் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் ஜெர்மன் மொழியைப் படியுங்கள். இதில் நான் பிடிவாதக்காரி. மொழியே வேண்டாம், சில லட்சம் கட்டினால் போதும் என்று ஓர் ஏஜென்ட் என்னிடமே சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். விசாவுக்கு பி1 என்ற நடுத்தர மொழி நிலை போதும் என்றாலும் பெரும்பாலான மருத்துவமனைகள் அதற்கு அடுத்த நிலையான பி2 கேட்கின்றன, கேட்பதும் நியாயம்தான். மார்பில் எரிகிறதா, அழுத்துகிறதா என்று ஒரு பாட்டி சொல்வது புரியாமல் அவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. பூஜ்யத்திலிருந்து பி2 வர, விடாமல் படித்தால் ஒரு வருடமாவது ஆகும். ஜெர்மன் கற்றுத்தந்து பரீட்சையும் வைக்கும் கதே இன்ஸ்டிடியூட் சென்னை நுங்கம்பாக்கத்திலும் பெங்களூரு இந்திராநகரிலும் இருக்கிறது; ஆன்லைன் வகுப்பும் உண்டு. அவர்கள் பரீட்சையில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளிலும் தனித்தனியாக நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். பி1, பி2 இரண்டிலும் தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம், அதனால் ஒன்று போனால் மனம் விட்டுவிடாதீர்கள்.

நான் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, பால்காரர் மணியடிக்கும் வரை படித்தேன். பள்ளி வேனில் காதில் ஹெட்போன். என் வீட்டுக்காரர் மாங்காய் லோடு வண்டி ஓட்டுபவர். பெங்களூரா மாங்காய் சீசனில் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் ராத்திரி முழுக்க வண்டி வரிசையில் நிற்கும். அங்கிருந்து போன் செய்து என்னிடம் வார்த்தை கேட்பார், நான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் காசு புழங்குவது மே முதல் ஜூலை வரைதான். பரீட்சைக் கட்டணத்தை அந்தப் பணத்தில் வைத்தோம், வட்டிக்கு வாங்கவில்லை. உங்கள் வீட்டுக்குப் பணம் வரும் மாதத்தைப் பார்த்துத் தேதி வையுங்கள்.

அப்புறம் பெயர். நம் பக்கத்துப் பெண்களின் காகிதங்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன. மார்க் ஷீட்டில் ‘எஸ். கலைவாணி’. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ‘பெண்’ என்பதோடு சரி. பாஸ்போர்ட்டில் வெறும் ‘கலைவாணி’, குடும்பப் பெயர் கட்டத்தில் ஒன்றுமில்லை. ஜெர்மன் அலுவலகத்தில் ஒவ்வொரு படிவமும் குடும்பப் பெயரில்தான் தொடங்கும். முதலில், பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் இப்போதும் பெயர் சேர்க்க முடியுமா என்று கேட்டு விண்ணப்பியுங்கள். அடுத்து பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராக வரும்படி மாற்றுங்கள். மார்க் ஷீட்டில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு மொழிப் பரீட்சைக்குப் பதிவு செய்யுங்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் பெயர்தான் அச்சாகும். நடுவில் பெயரை மாற்றாதீர்கள்.

இடத்தை நீங்களே தேடலாம். ஜெர்மன் அரசின் ‘மேக் இட் இன் ஜெர்மனி’ தளத்திலும் மருத்துவமனைகளின் சொந்தத் தளங்களிலும் காலியிடம் போடுவார்கள். படிப்பு பெரும்பாலும் ஏப்ரலிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும் தொடங்கும். ஒரு வருடம் முன்பே எழுதுங்கள். விண்ணப்பக் கடிதத்தில் ‘சேவை செய்ய ஆசை’ என்று மட்டும் எழுதினால் போதாது. படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொண்டதை நான் நாள்வாரியாக எழுதினேன், நேர்காணலில் அதைத்தான் கேட்டார்கள். ஏஜென்ட் மூலம்தான் போவேன் என்றால் அவருடைய உரிமத்தை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கட்டாயம். இல்லாமல் வார்டில் சேர்க்க மாட்டார்கள். சின்ன வயது அட்டை தொலைந்திருந்தால் ஊரிலேயே மறுபடி போட்டுச் சான்று வாங்கிவிடுங்கள். பெங்களூரு பக்கம் என்றாலும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விசா விண்ணப்பம் சென்னையில்தான்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு காலையைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு இரவு நர்ஸ் நோயாளிகளைப் பற்றிய விவரத்தை வேகமாகச் சொல்லி ஒப்படைப்பார். பிறகு குளியல். படுக்கையில் இருப்பவரை ஒரு பக்கமாகத் திருப்பி, முதுகைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் பார்த்து, பழைய விரிப்பைச் சுருட்டி அவர் முதுகோடு ஒட்டிவைத்து, புது விரிப்பைப் பாதி விரித்து, மறுபக்கம் திருப்பி மீதியை இழுக்க வேண்டும். ஆண், பெண் வித்தியாசம் பார்க்க முடியாது. கற்றுத்தருபவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, உடன் படித்தவர்கள் பள்ளி முடித்த பிள்ளைகள். டீச்சராக இருந்த ஒருத்திக்கு அது முதலில் கஷ்டம்தான். ஆனால் மருந்தளவுக் கணக்கு வந்தபோது அந்தப் பிள்ளைகள் என் அறைக்கு வந்தார்கள்.

குழந்தையை எப்போது அழைத்துக்கொள்ளலாம் என்பதை வீட்டில் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். குடும்ப விசாவுக்கு வருமானமும் போதுமான வீடும் காட்ட வேண்டும். பயிற்சிச் சம்பளத்தில் அது மிகவும் கடினம். மூன்று வருடம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, ஊருக்கு வந்துபோகும் செலவு எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். அது ஒத்துவரவில்லை என்றால் பிள்ளை வளரும்வரை மொழியை மட்டும் படித்துக்கொண்டிருங்கள். படித்த மொழி எங்கேயும் போய்விடாது.

வந்து வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்துப் படிவம் வேண்டும்; சாவி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். உடம்பு சரியில்லை என்றால் வேலை தொடங்கும் முன்பே வார்டுக்குச் சொல்லிவிடுங்கள். தேர்ச்சி பெற்று நர்ஸாக இரண்டு வருடம் வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சம்பளச் சீட்டு ஒவ்வொன்றும் தேவைப்படும், முதல் மாதத்திலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.